செத்தாலும் ஏறாத வண்டி

வாசலில் வந்து நின்ற அமரர் ஊர்தியின் முகப்பில் கழுகு முத்திரை இருந்தது. மூத்த மகன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"இதுல அப்பாவை ஏத்த முடியாது."

ஓட்டுநர் விழித்தார். வீட்டில் மற்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிங்கம் கார் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் உழைத்தவர் அப்பா. கழுகு கம்பெனி வண்டியில் செத்தாலும் ஏறமாட்டேன் என்பார். மகனுக்குக் கழுகு ஷோரூமில் வேலை கிடைத்தபோது ஆர்டரைக் கிழித்து அடுப்பில் போட்டார். மகன் இருபத்தாறு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறான். மாப்பிள்ளை ஒரு பழைய கழுகு காரை வாங்கிய நாளிலிருந்து மகள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு மயானத்தைப் பூட்டிடுவாங்கண்ணா," என்றாள் தங்கை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"உயிரோட இருந்தப்ப அவர் பேச்சை மீறல. இப்ப மீறவா?"

வண்டி திரும்பிப் போயிற்று. இரண்டு மணி நேரம் கழித்துச் சிங்க முத்திரையோடு இன்னொன்று வந்தது. அப்பாவை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது அந்த ஓட்டுநர் ஆறுதலாகச் சொன்னார்:

"கவலைப்படாதீங்க சார், வழியில நிக்காது. பேர்தான் சிங்கம். உள்ள இருக்கறது கழுகு இஞ்சின். அந்தக் காலத்துல அவங்கதான் இவங்களுக்குச் செஞ்சு குடுத்தாங்க."

அப்பாவை இறக்கினார்கள்.

மூன்றாவது, அடுத்த தெருக் காய்கறிக்காரரின் ஓட்டை வேன். முட்டைக்கோஸ் வாடை அடித்தாலும் உள்ளும் புறமும் சிங்கம். இரண்டு தெரு தாண்டியதும் இருமி நின்றுவிட்டது. மணி நாலரை. கயிறு கட்டி இழுக்க அகப்பட்டது மாப்பிள்ளையின் கார் ஒன்றுதான்.

மகன் வேனுக்குள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விசும்பினான்.

"மன்னிச்சிடுப்பா. கடைசியில கழுகு பின்னாடியே போக வெச்சிட்டேன்."

அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "எதுக்குத் தம்பி அழுவுறே? ரெண்டு முதலாளியும் பங்காளிங்க. ரெண்டு காரும் எங்க பட்டறையிலதான் செஞ்சோம்."

மகனின் அழுகை நின்றது. "அப்ப எதுக்குக் கழுகுல ஏற மாட்டேன்னார்?"

"காலையில செஞ்ச வண்டிக்குச் சிங்கம் ஒட்டுவோம், சாப்பிட்டு வந்து செஞ்சதுக்குக் கழுகு," என்றார் பெரியவர். "சாப்பிட்டா உங்கப்பா நட்டு முறுக்கிக்கிட்டே தூங்கிடுவாரு."