பவுடருக்கு மூளை இல்லை என்று நிரூபித்த கதை

தன் மூளையைத் தானே இவ்வளவு புகழ்ந்துகொண்ட மனிதர் திருவொற்றியூரில் இன்னொருவர் பிறக்கவில்லை. நான் வேலை பார்த்த லேபிள் கம்பெனியில் அவருக்கு ‘பவுடர்’ என்று பெயர்.

ஏற்றுமதி மீன் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் லேபிள் தயாரித்து ஒட்டுவது எங்கள் வேலை. ஒட்டிவிட்டால் உடும்புப் பிடி. தப்பாக ஒட்டியதை உரிப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். ஒருநாள் இவர், லேபிளின் பசைப் பக்கத்தில் ஒரு மூலைக்கு மட்டும் முகப் பவுடரைத் தடவினார். அந்த மூலை ஒட்டாமல் நின்றது. அதைப் பிடித்து இழுத்தால் முழு லேபிளும் அழகாகக் கையோடு வந்தது. அன்றிலிருந்து எல்லோரும் அப்படியே செய்தோம். அவர் வாய்க்கும் அன்றிலிருந்து ஓய்வில்லை.

“இந்த ஐடியா எவனுக்கும் வராது நைனா! மூளை வோணும்!”

டீக்கடையில் சொன்னார், ஷேர் ஆட்டோவில் சொன்னார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பஜ்ஜி வருவதற்கு முன்பே ஒரு லேபிளை ஒட்டி உரித்துக் காட்டினார். ஒட்டியது மாப்பிள்ளையின் அப்பா வழுக்கையில். அப்படியும் கல்யாணம் நடந்தது என்றால் அது அந்தக் குடும்பத்தின் பெருந்தன்மை.

பிறகு நாங்கள் மெஷினுக்கு மாறினோம். பவுடருக்குப் பதிலாக, அந்த மூலையில் பசையே தடவாமல் விட்டோம். வந்தது வினை. அதே லேபிளுக்குக் காப்புரிமை வாங்கியிருந்த பெரிய கம்பெனி ஒன்று எங்களை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினால் பதினாறு பேருக்கு வேலை போகும். காப்புரிமை அலுவலகத்தில் எங்கள் ஆட்சேபம் எடுபடவில்லை. ஹைகோர்ட்டில் அப்பீல் செய்தோம்.

“இதுல புதுசா ஒண்ணும் இல்ல, தொழில் தெரிஞ்ச யாருக்கும் தானா தோணும்னு நிரூபிச்சா போதும், அவங்க காப்புரிமை செல்லாது” என்றார் வக்கீலம்மா. அதற்குச் சாட்சி பவுடர்தான். அவர் கையெழுத்துப் போடவேண்டிய பிரமாணப் பத்திரத்தை வக்கீலம்மாவே வாசித்தார்: “பவுடர் தடவுவதற்கோ, பசையைத் தவிர்ப்பதற்கோ தனித்த அறிவு எதுவும் தேவையில்லை. சாதாரணத் தொழிலாளி எவருக்கும் இது தோன்றும்.”

பவுடர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “இன்னாம்மா இது? நான் மக்குன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

“ஆமாங்க. நீங்க அறிவாளின்னா கேஸ் தோத்துடும்.”

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

“பதினாறு வூட்டு அடுப்பவிட என் மூளை இன்னா பெரிய மூளை! எங்க போடணும் சொல்லு.”

ஜெயித்தோம். யாருக்கும் தோன்றக்கூடிய விஷயம்தான் என்று தீர்ப்பே வந்துவிட்டது. கம்பெனியில் பிரியாணி போட்டார்கள். பவுடர் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“மெய்யாலுமே எல்லாருக்கும் தோணுமா நைனா?”

“உனக்கு முன்னாடி ஆறு வருஷம் அதே லேபிள ஒட்டிக்கினு இருந்தேன் அண்ணாத்தே. எனக்குத் தோணலியே.”

கோர்ட்டில் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்டபோது மறைக்க மனசு வரவில்லை.