பின்னால் மிதித்தால் நிற்கும் சைக்கிள்

மில்லர்புரம், தூத்துக்குடி
ஆடி மாதம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை செந்தூர்பாண்டி அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் சுடலைக்கண்ணன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு நாங்கள் அனைவரும் நலம், ஏரலில் நீங்களும் தங்கை சண்முகசுந்தரியும் மருமகள் செல்லக்கிளியும் அதுபோலவே நலமாக இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை என்று வகுப்பில் ஞானபாக்கியம் டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கு ஒருவரும் நலமில்லை. வலது கையில் மாவுக்கட்டோடு நீங்கள் மட்டும் அங்கு எப்படி நலமாக இருக்க முடியும்? ஆனாலும் முறையை மாற்ற நான் யார், எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்தே போன வருஷம்தான். ஆகையால் அனைவரும் நலம்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் வாயைத் திறப்பதற்குள் ‘வையும் வே போன’ என்று வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. கிழித்துப் போட்டாலும் துண்டைப் பொறுக்கி என்னதான் எழுதியிருக்கிறான் என்று பார்க்கத் தோன்றும். இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரியை முடித்து நிமிர்ந்தால் பக்கத்தில் வைத்த காப்பியில் ஆடை படிந்திருக்கிறது. துக்கத்தை எழுதலாம் என்று உட்காருகிறேன், எழுத எழுத உள்ளுக்குள் சந்தோஷம் பொங்குகிறது, இது என்ன கோளாறு என்று தெரியவில்லை. அதனால் நான் துக்கப்படவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சோறு இறங்கவில்லை. ஆவணியில் செல்லக்கிளிக்குக் கல்யாணம். அவளுக்கு அம்மாவோடு உடன்பிறந்த தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். மணமேடைக்கு அவளைக் கைபிடித்து அழைத்துப் போகவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் அவள் பிறந்த அன்றிலிருந்து காத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்களே, ‘தாய்மாமன் இல்லாட்டா தாலி ஏறாதோ? சுந்தரிக்குச் சித்தப்பா மவன் இருக்கான், அவன வச்சு முடிச்சுக்கிடுதேன்’ என்று, அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது. அதைச் சொன்ன பிறகு ஒரு போன் இல்லை, ஆள் வரவில்லை. ஊரெல்லாம் அழைப்புக் கொடுத்து முடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நீங்களும் கூடவே இருந்தீர்கள்தான், ஆனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

அந்த சைக்கிள் வந்ததில் என் தப்பு ஒன்றுமில்லை. என் மகள் பொன்செல்வியின் மாப்பிள்ளை மாரிராஜ் ஹார்பரில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறார். துறைமுகம் துறைமுகமாக இறங்கி ஓட்டுவதற்கு ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் வைத்திருந்த பழைய சைக்கிள், இனிமேல் எனக்கு வேண்டாம் என்று இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். குரூசர் என்று அதற்குப் பெயராம். எருமை மாதிரி அகலம், ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பைக்குக்குப் போடுகிற தடிமனில் டயர். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. தடவித் தடவிப் பார்த்தோம், பிரேக்கும் இல்லை. ‘கப்பல் மேல ஓட்டுன வண்டிதான வே, அங்க என்ன குறுக்க ஆடா வரும்?’ என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கல்யாணச் சேலை எடுக்க இங்கே வந்த செல்லக்கிளி கார் ஷெட்டில் அதைப் பார்த்துவிட்டு, ‘மாமா, எனக்குச் சீர் செனத்தி ஒண்ணும் வேண்டாம். இதச் சரி பண்ணி, கடல் கலர்ல பெயிண்ட் அடிச்சுத் தாங்க, நான் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போவேன்’ என்றாள். டீச்சர் வேலை பார்க்கிற பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை எப்படி மறுப்பது? தாய்மாமன் சீர் என்று நான் இறங்கினேன், ரைஸ்மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான் இருக்கும்போது உமக்கு என்ன தெரியும் என்று நீங்களும் பஸ் ஏறி வந்து என் வீட்டிலேயே தங்கினீர்கள்.

கடல் என்றால் எந்த இடத்துக் கடல் என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். வயல் நடுவில் பிறந்து வளர்ந்த நீங்கள் கடல் பச்சை என்றீர்கள். தினமும் பார்க்கிற நான் நீலம் என்றேன். இரண்டு டப்பாவும் வாங்கியாகிவிட்டது, விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை, கலந்தோம். வந்தது கடல் இல்லை, வாய்க்கால். அது காய்வதற்குள் ஆனிக்காற்று தெருப் புழுதியை எல்லாம் ஷெட்டுக்குள் வாரிக் கொட்டியது. இப்போது கம்பியில் கை வைத்தால் பாகற்காயைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. பொன்செல்வி வந்து பார்த்தாள். ‘எப்பா, காரு தெருவுல காக்கா எச்சம் வாங்கிட்டு நிக்கி, இது உள்ள மகாராணி மாதிரி படுத்துக் கெடக்கு. சீக்கிரம் வெளிய எடுக்கேளா, இல்ல பழைய இரும்புக்காரனக் கூப்பிடவா?’ என்றாள். அந்த அவசரத்தில்தான் எல்லாம் கெட்டது.

சங்கதி பின்சக்கரத்தில் இருந்தது. மிதியை முன்னால் மிதித்தால் போகிறது. ஏறுவதற்கு வாகாகப் பின்னால் சுற்றினால் கட்டென்று பிடித்துக்கொள்கிறது. நம் ஊர் சைக்கிள் எதுவும் அப்படிப் பிடிக்காது. ‘உப்புக்காத்து உள்ள போயி இறுகிப் போச்சு வே. மில்லுல எத்தன பேரிங் இப்பிடிப் பாத்துருக்கேன்’ என்றீர்கள். மண்ணெண்ணெய் விட்டோம், அசையவில்லை. தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டோம், ஷெட்டில் அப்பளம் பொரித்த வாசனை வந்ததே தவிர அது அசையவில்லை. கடைசியில் நீங்கள் குறட்டையும் சுத்தியலையும் வைத்து அந்த ஹப்பைப் பிளந்தீர்கள். நான் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். உள்ளே உடைந்த வளையல் மாதிரி இரண்டு பித்தளைத் துண்டு.

‘என்ன வே இது?’ என்று கேட்டீர்கள்.

‘தேவையில்லாத சாமான் மாதிரி இருக்கு மாப்பிள’ என்றேன்.

‘அப்ப தூக்கிப் போடும்.’

போட்டேன். நம் ஊர் ஹப் ஒன்று வாங்கிவந்து, கம்பி கம்பியாகக் கோத்து, ஃப்ரீவீல் மாட்டினீர்கள். பின்னால் சுற்றினால் டிக் டிக் டிக் என்று எவ்வளவு அழகாகச் சுற்றியது! நீங்கள் சுற்ற, நான் கேட்க, பிறகு நான் சுற்ற, நீங்கள் கேட்க, அன்றைக்குச் சாயங்காலம் ஆளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் தின்று தீர்த்தோம். நாம் இருவரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அதுதான் கடைசி.

ஹேண்டில்பாரில் பிரேக் மாட்டலாம் என்றால், இந்த அகல டயருக்குப் பிரேக் கிடையாது, மதுரைக்குச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அது வரட்டும், பொறுங்கள் என்றேன். ‘செருப்பு எதுக்கு வே இருக்கு? தரையில தேச்சா நின்னுட்டுப் போவுது’ என்று ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். உப்பளத்துப் பக்கம் உள்ள பாலம் வரைக்கும் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. எதிர்க்காற்று இருக்கிறது, வேகம் எடுக்காது என்று சொன்னதும் நான்தான். பாலம் ஏறும்போது காற்று எதிரில்தான் இருந்தது. இறங்கும்போது அது நின்றுவிடும் என்று யாருக்குத் தெரியும்? நான் பின்னாலேயே ஓடி வந்தேன். ஓடி வந்தேன் என்பது மரியாதைக்காக எழுதியது, நடந்துதான் வந்தேன். பாலத்தின் மேல் உங்கள் இடது செருப்பு கிடந்தது. கொஞ்சம் தள்ளி வலது செருப்பு கிடந்தது. அதற்கும் அப்பால், சாலையோரத்து உப்புக் குவியலுக்குள் சைக்கிளின் முன்பாதியும் உங்கள் முன்பாதியும் போயிருந்தன. மூடை பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் காலைப் பிடித்து உங்களை வெளியே இழுத்தார்கள். அதில் ஒருத்தி சொன்னாள், ‘ஏ பாட்டையா, இது மூடை போடுத உப்பு. கருவாடு போடுத எடம் தெக்க இருக்கு.’

நான் சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை, மணிக்கட்டு ஒடிந்ததைவிட அந்தச் சிரிப்புதான் உங்களுக்கு அதிகமாக வலித்தது என்று இப்போது உட்கார்ந்து எழுதும்போது தெரிகிறது. சிராய்ப்பு முழுக்க உப்பு ஏறி நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், நான் செருப்பு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மாரிராஜ் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாக, ‘மாமா, அந்த வண்டிக்கு பிரேக் பின்சக்கரத்துக்குள்ளதான் இருக்கும். பின்னால மிதிச்சா நிக்கும். நீங்க ரெண்டு பேரும் கழட்டிப் போட்டியள்லா, அதான் பிரேக்கு’ என்றார். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். சுவரிடம்தான் சொன்னீர்கள், ‘எம் மவ கையப் புடிச்சுக் குடுக்க எனக்குக் கை இல்லாம ஆக்கிட்டாரே.’ கல்யாணம் முடிந்த பிறகுதான் கட்டுப் பிரிக்க முடியும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் செருப்பு இரண்டையும் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது இங்கே நிலைமை இது. சைக்கிள் ஷெட்டில் சாய்ந்து கிடக்கிறது. உப்பைக் கழுவாமல் விட்டதில் துருப்பிடித்து, வாய்க்கால் கலரும் போய்ச் செம்மண் கலராகிவிட்டது. பொன்செல்வி என்னிடம் பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள். நான் ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இனி எனக்கு அந்த மணமேடைப் பக்கம் என்ன வேலை என்று யோசிக்கிறேன். தேவையில்லாத சாமான் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பாலத்துக்குப் போகச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். குற்றம் முழுக்க என்னுடையது. சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டேன், இனி என் ஆயுளில் ஸ்பானரைத் தொடமாட்டேன். என்னைத் தாய்மாமன் என்று மேடையில் கூப்பிட உங்களுக்கு மனம் வராவிட்டாலும் பரவாயில்லை. தாரை வார்க்கும்போது மட்டும் பக்கத்தில் நிற்க விடுங்கள். மாவுக்கட்டின் கனத்தில் உங்கள் கை இறங்காமல் அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்கிறேன். செல்லக்கிளியின் கையை நீங்கள்தான் பிடித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும், என் கை கீழே இருந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்.

தங்கை சுந்தரி தீர்க்கசுமங்கலியாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் இனிமேல் சைக்கிள் ஏறாமல் இருக்க வேண்டும். செல்லக்கிளி போகிற வீட்டில் மனம் குளிர வாழ வேண்டும். உங்கள் எலும்பு நல்லபடியாகக் கூடத் திருச்செந்தூர் முருகன் துணை இருக்க வேண்டும். இவ்வளவும் வேண்டிக்கொண்டு, உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கும்,
சுடலைக்கண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்துக் கவருக்குள் போடும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நீங்களும் சுந்தரியும் இறங்கினீர்கள். ‘தாய்மாமன் வீட்ல இருக்காரா, இல்ல அவரையும் கழட்டிப் போட்டாச்சா?’ என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டீர்கள். ‘தாய்மாமனத் தட்டு வச்சு அழைக்கப் போனா நேர்ல போவணும், கட்டு கொஞ்சம் வலி கொறையட்டும்னு இவருதாண்ணே நாளத் தள்ளுனாரு. எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பித்தள எங்க, அந்தப் பித்தள எங்கன்னு எங்கிட்டயே கேக்காரு, நான் என்னத்தக் கண்டேன்?’ என்று சுந்தரி சொன்னாள். வெற்றிலை பாக்குத் தட்டை இடது கையால் நீட்டினீர்கள். ஒரு கையால் கொடுப்பது முறையில்லை என்று நீங்களே முணுமுணுத்து, மாவுக்கட்டுக் கையையும் தூக்கித் தட்டுக்கு அடியில் வைத்தீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் ஷெட்டில் இருக்கிறீர்கள். ‘ஏ மச்சான், உள்ள என்ன கலெக்டர் உத்தியோகமா பாக்கீரு? வந்து இந்த வீலப் புடியும் வே’ என்று கத்துகிறீர்கள். தொடங்கிய கடிதத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன். நாளைக்குத் தபாலில் போடுகிறேன், நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வரும். நான் மன்னிப்புக் கேட்ட இடங்களை எல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள். பாடுபட்டு எழுதியதை என் கையால் அடிக்க மனம் வரவில்லை. தேவையில்லாத சாமான் என்று சொன்னது நான்தான், ஆனால் கழற்றியது நீங்கள், ஃபிட்டர் நீங்கள், குற்றம் முழுக்க உங்களுடையது. சிரித்ததற்குக் கேட்ட மன்னிப்பை மட்டும் விட்டுவைக்கலாம் என்று பார்த்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அதையும் அடித்துவிடுங்கள். பழைய இரும்புக்காரனை வரச் சொன்னது உண்மை. வந்தவனைத் திருப்பி அனுப்பியதும் உண்மை, அதை எழுத விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தேடிப் பொறுக்கிய பித்தளைத் துண்டு இரண்டும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன.

ஷெட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்கிறது. சைக்கிளா நீங்களா என்று தெரியவில்லை. இடது கையும் போனால் அதைத் தாங்க இன்னொரு தாய்மாமனைத் தேடிப் போவீர்கள். அதற்கு நான் விடமாட்டேன், இதோ வருகிறேன்.