போர்வை கேட்காத ஜூனிபர்

இந்தக் குளிர்காலம் என் மரத்துக்குச் சாக்குத் துணி கட்டமாட்டேன் என்று அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அறிவித்தேன். இடம், சமையலறை. கேட்டவர்கள், என் மனைவி ரைலியும் அடுப்பிலிருந்த பட்டாணி சூப்பும். சூப்பு மட்டும்தான் கொஞ்சம் கொதித்தது.

மரம் என்றால் ஜூனிபர், ஊசி இலை மரம். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்டது. நல்ல அடர்த்தி, என் தோள் உயரம். காட்டில் தானாக முளைக்கிற ஜூனிபர் எந்தக் குளிருக்கும் அசையாது. இதுவோ தெற்கே கடையில் வளர்ந்த செல்லப்பிள்ளை. நாட்டைக் குளிருக்குத் தக்கபடி எட்டு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்களே, எண் ஏற ஏறக் குளிரும் ஏறும், அதில் மூன்று வரைதான் தாங்கும் என்று விற்றவனே சொன்னான். எங்கள் ஊர் கஜானி இருப்பது ஐந்தில். அதனால் என்ன? நானும்தான் ரைலியோடு இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். எனக்கு யார் சாக்குத் துணி கட்டினார்கள்?

"கட்டலைன்னா செத்துரும், இல்மோ," என்றாள் ரைலி.

"சாகாது."

"செத்தா அந்த இடத்துல எனக்குக் கண்ணாடி வீடு. தக்காளி போடுவேன்."

"பொழச்சா?"

"பொழச்சா கண்ணாடி வீட்டுப் பேச்சையே எடுக்கமாட்டேன். அந்த மூலை உனக்கே உனக்கு. சாகுற வரைக்கும்."

"மரம் சாகுற வரைக்குமா, நான் சாகுற வரைக்குமா?"

"எது முந்துதோ அது."

அந்த மூலையின் அருமை உங்களுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் கோடை முழுக்க வெயில் விழுகிற ஒரே இடம். மரத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியாது. உலகத்தில் ரைலி கண்ணுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். அதை நான் தக்காளிக்கு விட்டுக்கொடுப்பதா?

"மே மாசமே பாத்துரலாம்," என்றேன்.

"அந்தக் கதையே வேணாம். செத்த ஜூனிபர்கூட மே மாசம் பச்சையாத்தான் நிக்கும். ஜூன் கடைசியில நடுக்கோடைப் பண்டிகைக்குப் பாப்போம். துணி கூடாது, வைக்கோல் கூடாது."

"பனி?"

"அது வானத்துலேர்ந்து விழுது. அத நான் என்ன செய்ய முடியும்?"

மாட்டிக்கொண்டாள்! பனிக்குள் புதைந்த கிளையைக் குளிர் தொடாது என்று பக்கத்து வீட்டு வெய்ஜோ எப்போதோ சொன்னது என் மூளையில் பளிச்சிட்டது. என் மூளைக்கும் எப்போதாவது அப்படி நடக்கும்.

பனிக் கனத்தில் கிளைகள் பிளந்துவிடாமல் முதலில் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினேன். முதல் பனி விழுந்ததும் பனிவாரியை எடுத்தேன். இதற்கு முன் அதைத் தொட்டவன் இல்லை. வானம் போட்டதை வானமே எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் கொள்கை. மிச்சத்தை டிராக்டர்க்கார ஆர்வோ வந்து தள்ளிவிட்டுப் போவான். இந்த முறை வாசல் பனி, கூரைப் பனி, நீராவிக் குளியல் போடுகிற சவுனாவுக்குப் போகிற பாதைப் பனி, விறகுக் கொட்டகைப் பனி, எல்லாமே என் மரத்துக்குத்தான். மைனஸ் முப்பத்திரண்டிலும் வாரினேன். மீசை உறைந்தது. மானம் உறையவில்லை.

ரைலி ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு நின்று பார்ப்பாள்.

"இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கே. கார் நிறுத்துற இடத்துல நிறையக் கெடக்கு பாரு."

"எனக்குத் தெரியும்!"

"இடுப்பு வலிக்குதா?"

"யாருக்கு?" என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்தவன் குனிய இரண்டு நாளாயிற்று.

மார்ச்சில் வந்தது மோசம். வேர் உறைந்து கிடக்கும், தலையில் வெயில் காயும். ஊசி இலை கருகுவது அப்போதுதான். உச்சி வெளியே எட்டிப் பார்த்தது. மேலே போட எங்கள் வீட்டில் பனி இல்லை. துடைத்து வைத்திருந்தேன். வெட்கத்தை விட்டு வெய்ஜோ வீட்டுக்குப் போனேன்.

"கொஞ்சம் பனி குடு, வெய்ஜோ."

"எவ்வளவு வேணும்?"

"இருக்கிறது எல்லாம்."

அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு அண்டை வீட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான்!

நடுக்கோடைப் பண்டிகை வந்தது. ஜூனிபர் அடி முதல் நுனி வரை பச்சை! புது நுனிகள்கூட விட்டிருந்தது. "ஐந்தாம் மண்டலமாம், மண்ணாங்கட்டியாம்!" என்று தோட்டத்தில் கத்தினேன். ரைலி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஜெயிச்சுட்ட, இல்மோ," என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் தோற்று நான் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாலையில் ஏரிக்கரையில் எல்லோரும் நெருப்பு மூட்டிய இடத்தில் ஆர்வோ என்னைப் பிடித்துக்கொண்டான்.

"எம்மேல என்ன கோவம்? உன் வீட்டுப் பனிய இருவது வருஷமா நான்தானே தள்ளுறேன். செப்டம்பர்லயே உன் பொண்டாட்டி போன் போட்டு, இந்தத் தடவை வேணாம், வீட்டுலயே ஆள் இருக்குன்னுட்டா."

"செப்டம்பர்லயா? நான் சபதம் போட்டதே அக்டோபர்ல!"

ரைலி பக்கத்தில்தான் தொத்திறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட்லேர்ந்து, மறக்காம சாக்குத் துணி கட்டு, மறக்காம கட்டுன்னு தினமும் சொன்னேன். நான் சொன்னத நீ எப்பக் கேட்டிருக்க?"

"அப்போ கண்ணாடி வீடு? தக்காளி?"

"எனக்குத் தக்காளியே பிடிக்காதேய்யா. இருவத்தாறு வருஷமா தட்டுல ஒதுக்கி வைக்கிறேன், பாத்ததில்ல?"

எனக்கு வந்த கோபத்தில் எதிரே எரிகிற நெருப்பு சின்னதாகத் தெரிந்தது. எழுந்து நின்றேன். ஊரே கேட்கட்டும் என்று சொன்னேன்.

"வர்ற குளிர்காலம் ஒரு பிடி பனிகூட அள்ளமாட்டேன்! சத்தியம்!"

"அள்ளவே அள்ளாத," என்றாள் ரைலி. "உனக்கும் வயசாகுது. இன்னொரு குளிர்காலம் உன் இடுப்பு தாங்காது."

"யாரு சொன்னா தாங்காதுன்னு?"

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் புதுப் பனிவாரி வாங்கி வந்தேன், பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது.