அகலம் போதாத தார்ப்பாய்

"நனையுதா மாப்பிள்ளை?"

"முழங்காலுக்குக் கீழே மட்டும், மாமா."

மாப்பிள்ளை கொல்லைப்புறத்தில், மரத்துக்கும் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே கட்டிய துணித் தொட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். வயது நாற்பத்திரண்டு. பக்கத்துத் தொட்டிலில் மனைவி. இருவருக்கும் மேலே புதிதாக வாங்கிய தார்ப்பாய். மாமனார் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு மழை பொழிந்துகொண்டிருந்தார்.

முப்பது வருடம் தீயணைப்பு நிலையத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய அகராதியில் தூறல் என்றாலே மற்றவர்களுக்கு அடைமழை.

கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழிந்தும் மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் வேறு பெயர் கிடையாது. கீழ்த்தளத்தில் இவர்கள், மாடியில் மாமனாரும் மாமியாரும். வெளியே அவர் கண் பரிசோதகர். காலை முதல் மாலை வரை, இருட்டறையில் வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா, இதுக்கு முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது வேலை. பதில் சொல்லத் திணறுகிறவர்களைப் பார்த்து மனத்துக்குள் சிரித்துக்கொள்வார். தனக்கென்று ஒரு செருப்பு எடுக்க மட்டும் மூன்று கடை ஏறி இறங்குவார்.

மனைவி மருத்துவமனையில் தாதி. அவளுக்குப் பகல் பணி என்றால் இவருக்கு விடுமுறை, இவருக்கு வேலை என்றால் அவள் தூக்கத்தில். நான்கு வருடத்தில் முதல் முறையாக இருவருக்கும் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு விழுந்தது. காட்டுக்குப் போகலாம், மரத்தில் தொட்டில் கட்டிப் படுக்கலாம், இரண்டு நாள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். அதைக் கேட்ட அன்று மாப்பிள்ளை சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

ஆனால் அது மழைக்காலம். மேலே கட்ட ஒரு தார்ப்பாய் வேண்டும். அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

முதலில் வாங்கியது கைக்குட்டையாக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் போன்ற சின்னச் சதுரம். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டினால் தலை, கால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றியது. மாமனார் குழாயை மூடிவிட்டு, குறுக்கே நாலு எட்டு நடந்து பார்த்தார்.

"அகலம் போதாது மாப்பிள்ளை."

அன்று மாலை மாப்பிள்ளை மனைவியின் தலைமுடி உலர்த்தியால் தார்ப்பாயைக் காயவைத்து, மறுநாள் கடைக்குக் கொண்டுபோனார். விற்பனைப் பெண் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்க முன்வந்து, இரண்டு தார்ப்பாய்களை மேசைமேல் விரித்தாள். "இது வேணுமா சார், அது வேணுமா?" என்றாள். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. முதலில் காட்டியதை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

கடைசியில் எடுத்துவந்தது நீளமான செவ்வகம். அதைச் சமதளமாக, பந்தல் மாதிரி கட்டினார். தண்ணீர் வழிந்தோட வழியில்லாமல் நடுவில் தேங்கி, எட்டு மாத வயிறு மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. மனைவி ஆபத்தைப் பார்த்து இறங்கி ஓடிவிட்டாள். மாப்பிள்ளை அதைக் கையால் மேலே தள்ளிவிடலாம் என்று நினைத்தார். ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்தது. நனைவதற்குச் சட்டைக் காலரில்கூட இடம் மிச்சமில்லை.

நடுவே ஒரு கயிறு ஓட்டி, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவாகக் கட்ட வேண்டும் என்று மாமனார் சொல்லிக்கொடுத்தார். அப்படிக் கட்டியதும் தண்ணீர் ஓடியது உண்மைதான். ஆனால் சரிவு கொடுத்ததில் பக்கவாட்டில் குறுகிப்போயிற்று. மாமனார் மறுபடியும் எட்டு வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவதை எடுக்கும்போது அவரும் கூடவே கடைக்கு வந்தார். இரண்டு முனையிலும் கதவு மாதிரி மூடிக்கொள்ளும் தார்ப்பாய் அது. மாமனார் குழாயை முழுசாகத் திறந்தும் வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளேயே படுத்து மனைவியுடன் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மூக்கில். இருவரும் விட்ட மூச்சுக்காற்றே மேலே குளிர்ந்து நீராகி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேர் மூச்சுக்கே இப்படின்னா..." என்று இழுத்தபடியே மாமனார் குழாயை மூடினார்.

கதவைத் திறந்துவிடலாம் என்று மாப்பிள்ளை எழுந்து கயிற்றை இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. பலமாக இழுத்தார். இரும்புக் கம்பம் வளைந்து சாய்ந்தது. மாமியார் காயப்போட்டிருந்த ஆறு போர்வையும் சேற்றில் விழுந்தன. அவற்றைத் துவைக்கலாம் என்றால் மேல்நிலைத் தொட்டி காலி. மூன்று நாளாக அதில் இருந்த தண்ணீரெல்லாம் மழையாகப் பெய்துவிட்டிருந்தது. மாமியார் மாடிப்படியில் நின்று பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ, இதைவிடப் பெரிசாகக் கடையில் எதுவும் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

இருந்தது. கடையின் பின்கட்டிலிருந்து விற்பனைப் பெண் உருட்டிக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டு ஜமுக்காளம் அளவுக்கு இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்வரை வருவதற்குள் மாப்பிள்ளை இரண்டு முறை உட்கார்ந்தார். பேருந்தை விட்டு இறங்கிக் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டுமே என்று மனைவி கவலைப்பட்டாள். தூக்குவதற்கு ஆள் கிடைக்காமலா போய்விடும் என்றார் மாமனார்.

கட்டினார்கள். கொல்லையில் பாதி மறைந்துபோனது. தொட்டியை நிரப்பி, மாமனார் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அடித்துப் பார்த்தார். உள்ளே புழுதி பறந்தது. காற்றும் தாராளமாக வந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டு வைத்து நடந்தார். திரும்பி நடந்தார்.

"இது போதும் மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை தார்ப்பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் மாமனாரோடு அவர் பேசியதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் கதவுப் பூட்டைப் பற்றியும்தான். இந்த ஒரு வாரத்தில் அந்த மனிதர் அவருக்கு ஐந்து விதமான முடிச்சு கற்றுக்கொடுத்திருந்தார். முழங்கால்வரை சேற்றில் நின்று, மகள் மேல் ஒரு சொட்டு விழக் கூடாது என்று இந்த வயதில் எத்தனை பாடு. மாலை ஆனால் கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் தொட்டிலில் பத்து நிமிடம் ஆடிவிட்டுப் போனாள். காட்டுக்குப் போகாவிட்டால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பை அடக்கினார். இரண்டு நாள், இரண்டே பேர். அதை எதற்காகவும் விட முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், தரையில் அடிக்கும் முளைகள் இன்னும் நாலு வாங்கக் கடைக்குப் போனார். எந்த முளை என்று விற்பனைப் பெண் கேட்பதற்குள், முதலில் கண்ணில் பட்டதைக் கையில் எடுத்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் முளைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, பயணம் எப்போது என்று விசாரித்தாள்.

"நாளைக்குக் காலைல. நானும் என் மனைவியும் மட்டும்" என்றார் மாப்பிள்ளை. அந்த 'மட்டும்' என்ற சொல்லை வாயில் வைத்துச் சற்று ருசித்தார்.

அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நேத்து உங்க மாமனாரும் மாமியாரும் வந்து, படுத்துப் பார்த்து வாங்கிட்டுப் போன ரெண்டு தொட்டில் யாருக்கு சார்?"