ஐந்நூறாவது துண்டை நான் எடுக்கவில்லை

786

கல்முனை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்

என் உடன்பிறந்த தங்கச்சி ராவியத்தும்மாவுக்கு உன் ராத்தா எழுதிக்கொள்வது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால், முழங்கால் வலியையும் என் மகள் பஹ்மிதாவையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் இங்கு நான் சுகம். அக்கரைப்பற்றில் உன்னையும் உன் மருமகனையும் பிள்ளைகளையும் அவன் சுகமாக வைத்திருக்கட்டும். இரண்டு வருஷமாக உன்னோடு கதைக்காதவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ வாயில் கையை வைப்பாய். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. உன்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. வேலை என்று வந்தால் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று நம் உம்மா சொல்வார். எறியச் சொல்லவில்லை, தள்ளி வைக்கத்தான் சொன்னார்.

வேலை இதுதான். நீ பஹ்மிதாவுக்குப் போன் எடுத்து, "உன் உம்மாவின் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, அறுபது வருஷமாக அந்த ஞாபகத்திடம் அடி வாங்குகிறவள் நான்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வருகிற மாதம் இந்த வீட்டைப் பூட்டி என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அவளுடைய நாலாம் மாடியில், கால் மண்ணில் படாத இடத்தில் வைக்கப் போகிறாள். நம் உம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த வீடு. இந்த வீட்டிலிருந்து நான் தூக்கிக்கொண்டு போகப்படுவது ஒரு தரம்தான், அதுவும் மௌத்தான பிறகு சந்தூக்கில்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் ஜிக்சோ பசில். சிரிக்காதே. ஒரு படத்தை ஐந்நூறு துண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், வாங்கியவர் அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். வெட்டாமலே விற்றிருக்கலாமே என்று நானும் கேட்டேன். பஹ்மிதாவின் வாப்பா மௌத்தாகி நான் இத்தா இருந்தபோது, நாலு மாதமும் பத்து நாளும் வெளியே தலை காட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பேத்தி நுஸ்ஹா ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தாள். அட்டாளைச்சேனையில் ரீச்சர் வேலைக்குப் படிக்கிற பிள்ளை, என்னோடுதான் தங்கியிருக்கிறாள். திறந்து பார்த்தால் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நடுவில் ஒரு பெரிய நாயும். நான் தொழுகிற அறை அது. நாய்ப் படம் இருந்தால் வானத்து மலக்குமார் இறங்கி வருவார்களா? அதனால் ஐந்நூறு துண்டையும் கவிழ்த்துப் போட்டு, படத்தைப் பாராமல், மட்டைப் பக்கத்தில் வெட்டின வளைவை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பொருத்தினேன். சுளகில் அரிசிக் கல் பொறுக்கின விரலுக்கு அது ஒரு வேலையா? பத்துப் பெட்டி முடித்தேன். எல்லாம் கவிழ்த்துத்தான். எதில் என்ன படம் இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

இதைப் பார்த்துவிட்டு நுஸ்ஹா போன மாதம் கல்முனையில் நடந்த போட்டிக்கு எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டாள். சோடியாகச் சேர வேண்டும், எல்லாருக்கும் ஒரே படம், இரண்டு மணித்தியாலம், முதலாவதாக வருகிறவர்கள் கொழும்புக்குப் போகலாம். நாற்பது சோடி. துண்டு பறக்கும் என்று காற்றாடியை நிற்பாட்டிவிட்டார்கள். நாற்பது மேசையிலும் வியர்வை சொட்ட, பிள்ளை பெறுகிற வீடு மாதிரி ஒருவரும் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறார்கள். பக்கத்து மேசையில் பாண்டிருப்பு மங்களேஸ்வரி ரீச்சரும் அவருடைய புருஷன் அருட்பிரகாசமும். விசில் ஊதியதும் நான் துண்டையெல்லாம் கவிழ்த்தேன். நடுவராக வந்த முர்ஷித் சேர் ஓடிவந்து, "உம்மா, படம் மேல பாக்கோணும்" என்றார். "மேல பாத்தா எனக்குப் பொருந்தாது மனே, முடிச்சிட்டுத் திருப்பித் தாறன்" என்றேன். சட்டத்தில் கவிழ்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று நுஸ்ஹா கேட்டாள். பார்த்தார்கள். எழுதியிருக்கவில்லை. அந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு இப்படி ஒருத்தி வருவாள் என்று தெரியாதாக்கும்.

ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிஷமும். மங்களேஸ்வரி ரீச்சருக்கு இன்னும் வானம் முழுக்கக் கிடந்தது. மட்டையை மேலே வைத்து, தோசை புரட்டுகிற மாதிரி நானும் நுஸ்ஹாவும் ஒரே புரட்டு. ஒரு துண்டு கழலவில்லை. படம் ஏதோ கப்பல். நான் கையைத் தூக்கினேன். முர்ஷித் சேர் வந்து குனிந்து பார்த்து, "உம்மா, ஒரு துண்டு இல்லையே" என்றார். கப்பலின் நடுவில் ஓட்டை.

ராவியத்து, உனக்கு என் குணம் தெரியும். நான் மேசைக்குக் கீழே பார்க்கவில்லை, நேரே பக்கத்து மேசையைத்தான் பார்த்தேன். "ரீச்சர், எடுத்த துண்டைத் தாங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் ஏன் உம்மா எடுக்கிறன், எனக்கு என்ர துண்டே பொருந்தேல்ல" என்றார். அருட்பிரகாசம் எழும்பி, "ஆரைப் பாத்துக் களவு எண்டு சொல்லுறீங்க?" என்றார். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் நம்மட முஸ்லிம் ஆக்கள் எழும்பினார்கள், அந்தப் பக்கத்தில் தமிழ் ஆக்கள் எழும்பினார்கள். "எங்கட உம்மா பொய் சொல்லுறா எண்டா சொல்லுறீங்க?" "எங்கட ரீச்சரக் கள்ளி எண்டா?" சுண்டுவிரல் நகமளவு மட்டைத் துண்டுக்காகக் கல்முனை இன்னொரு தரம் இரண்டாகப் பிரியப் பார்த்தது. மேசையைத் தூக்கினார்கள், பெட்டியை உதறினார்கள், முர்ஷித் சேர் தன் சட்டைப் பையையே திருப்பிக் காட்டினார். மங்களேஸ்வரி ரீச்சர் தன் சாரியை எல்லாருக்கும் முன்னால் உதறிக் காட்டினார். ஐம்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த மனுஷி.

எனக்கு வியர்த்தது. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தேன். அப்போது அவர் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "உம்மா, முந்தானை முடிச்சில என்ன?" என்றார்.

அவிழ்த்தேன். அதற்குள் கப்பலின் துண்டு.

இத்தா இருந்தபோது எனக்கு ஒரு பழக்கம். கடைசித் துண்டை நுஸ்ஹா பாய்ந்து வைத்துவிடுவாள் என்று, தொடங்கும்போதே ஒரு துண்டை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வேன். கடைசித் துண்டை வைக்கிறவள்தான் வேலையை முடித்தவள். அது வீட்டில். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் துண்டை முடிந்து வைக்கவில்லை. சத்தியமாக இல்லை. முடிச்சு என்னுடைய முடிச்சுத்தான், அதை நான் மறுக்கவில்லை, வேறு ஒருவருக்கும் அப்படி முடியத் தெரியாது. ஆனால் முடிந்தது நானில்லை. ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இப்பிடித்தான், கண்ணாடியத் தலையில வச்சிட்டு வீடு முழுக்கத் தேடுறன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். சனம் அமர்ந்தது. அந்த இரக்கத்தை நான் மௌத்தாகும் வரைக்கும் மன்னிக்க மாட்டேன். கலவரத்தில் போன நேரத்தை எங்கள் கணக்கில் மட்டும் எழுதினார்கள், நாங்கள் பதினாலாவது. முதலாவது அந்த ரீச்சர்தான். கொழும்புக்குப் போகிறார். போகட்டும்.

இது பஹ்மிதாவின் காதுக்கு அன்றைக்கே போய்விட்டது. அடுத்த வண்டியில் வந்து இறங்கி, "உம்மா, நுஸ்ஹா படிக்கப் போற நேரம் இனித் தனிய இரிக்க ஏலா" என்றாள். அடுப்பை இரண்டு தரம் அணைக்காமல் விட்டேனாம். அது அடுப்பின் பிழை. சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேனாம். முதல் தரம் போட்டது காணாது என்று போட்டிருப்பேன். ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவன் தாடி முளைக்காத பொடியன். "உம்மா, இப்ப ஜனாதிபதி ஆரு?" என்றான். "எனக்கு வாக்குப் போட்ட கை ஞாபகம் இரிக்கி மனே, வந்தவங்கட முகத்தை நீ ஞாபகம் வச்சிக்க" என்றேன். மூன்று சொல்லைச் சொல்லி, பிறகு கேட்பேன் என்றான். "மூணு சொல்லா? என்ர தங்கச்சி எழுபத்தெட்டில சொன்னது நாப்பது சொல்லு, எழுத்துக் குறையாம சொல்லட்டா?" என்றேன். எழுதிக்கொண்டான். கடைசியில் கேட்டான். தேங்காய், கதிரை. மூன்றாவதை அவன் சொல்லவே இல்லை. பஹ்மிதா ஏன் அழுதாள் என்று தெரியவில்லை.

அதனால்தான் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். என் கலியாணத்தில், எழுபத்தொன்றில், மாப்பிள்ளைக்கு வைத்த வட்டிலப்பத்தில் விரலை விட்டு நக்கியது நீ. எந்த விரல் என்றும் சொல்வேன். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்தபோது நம் உம்மாவின் வெண்கலச் சட்டியைப் பத்திரப்படுத்துகிறேன் என்று கொண்டுபோய் இன்று வரைக்கும் பத்திரமாகவே வைத்திருக்கிறாய். "ஒனக்குச் சட்டிதான் போன, எனக்குக் கூரையே போயிட்டு" என்றாய். சுனாமியில் கடல் வந்த வருஷம் உன் வீட்டில் பதினேழு நாள் இருந்தோம். பதினோராம் நாள் காலையில் பால் இல்லாத தேத்தண்ணி தந்தாய், உன் புருஷனுடைய கோப்பையில் பால் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரியது ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாக நீ போன் எடுக்கும்போதெல்லாம் நான் வைத்துவிடுவதன் காரணம் அது. ஒருவருக்கும் சொன்னதில்லை, உனக்கே தெரியும்தானே என்று வாயை மூடியிருந்தேன். ஸபர் மாதம் பிறை ஏழு, வியாழக்கிழமை, பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்ல முன் பஹ்மிதாவின் வாப்பா மௌத்தானார். அக்கரைப்பற்றிலிருந்து முதல் வண்டி பின்னேரம் அஸருக்கு முன் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களை வரிசையாகச் சொல்கிறேன்: உன் மருமகன், அவனுடைய ராத்தா, பச்சைக் குடையோடு உன் பக்கத்து வீட்டுக்காரி, அவளுடைய இரண்டு பிள்ளைகள், பள்ளிவாசல் மோதினார், மோதினாரின் மகன். ஏழு பேர். நீ இல்லை. இரண்டாம் வண்டியிலும் நீ இல்லை. மூன்றாம் நாள் ஓதின கத்தத்துக்கும் நீ இல்லை. நாற்பத்தெட்டு வருஷம் உன்னைத் தன் கூடப்பிறந்தவள் மாதிரி பார்த்த மனுஷனுடைய மையித்துக்கு வராதவள் நீ. இவ்வளவையும் தேதியோடு வைத்திருக்கிற தலையையா பழுது என்கிறார்கள்? இதை நீ பஹ்மிதாவிடம் உன் வாயாலேயே ஒப்புக்கொள். உனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். எனக்கு வீடு மிஞ்சும்.

உன் மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உன் ஈமானையும் இடுப்பையும் அல்லாஹ் உறுதியாக்கி வைப்பானாக. நான் உன்னை மன்னித்ததாக இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ராத்தா
சீனத்தும்மா

பி.கு.: சனிக்கிழமை. நேற்று உறையில் விலாசம் எழுதக் கொடுத்தபோது நுஸ்ஹா கடிதத்தை வாசித்துவிட்டாள். வட்டிலப்பம் வரைக்கும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "உம்மம்மா, ராவியத்தும்மா வந்தாவே. முதல் வண்டியில முதலாவதா இறங்கினது அவதான். இத்தா முடியும் மட்டும் இந்த அறையிலதானே கிடந்தா. நீங்க தின்னாம இருந்தப்ப கஞ்சி பருக்கினதும் அவதான்" என்றாள். "பொய் சொல்லாத புள்ள" என்றேன். போனை எடுத்துக் காட்டினாள். என் கட்டிலில் நீயும் நானும் இருக்கிறோம். நீ என் தலைக்கு எண்ணெய் வைக்கிறாய். நான் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறேன்.

இரவு முழுக்கத் தலைக்குள் தேடினேன். அந்த வண்டியிலிருந்து ஏழு பேரும் இறங்குகிறார்கள், பச்சைக் குடையும் இறங்குகிறது. நீ மட்டும் இறங்கவில்லை.

பஹ்மிதாவுக்குப் போன் எடுக்காதே. நான் கேட்ட சாட்சியை நீ சொன்னால் பொய்ச்சாட்சியாகிவிடும், அந்தப் பாவம் உனக்கு வேண்டாம். இரண்டு நாளாக எழுதினதைக் கிழிக்கவும் எனக்கு மனமில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். அவள் என்னைக் கொண்டுபோக முன் நீ ஒரு தரம் வந்துவிட்டுப் போ. நான் உன்னைக் கண்டதும் அவருடைய மையித்துக்கு ஏன் வரவில்லை என்று ஏசுவேன். வந்தேன் என்று வாதாடாதே. "இப்ப வந்திட்டன் ராத்தா" என்று மட்டும் சொல்லு. மறுநாளும் ஏசினால் மறுநாளும் சொல்லு. சத்தம் போடாமல் சொல்லு. நீ சத்தம் போடுவாய், எனக்குத் தெரியும்.