வளாகம் பார்க்கப் போன அப்பா

உலகத்தில் 'வளாகம் பார்க்கும் அப்பா' என்றோர் இனம் இருக்கிறது. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மறுநாளே இது கிளம்பிவிடும். பாடத்திட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காது. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் எம்பிப் பார்க்கும், குளியலறைக் குழாயைத் திருகும், உணவுக்கூடத்துச் சூப்பை மோந்து தலையாட்டும், புல்தரையில் கைகோத்து உட்கார்ந்திருக்கும் ஜோடியைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, நூலகத்தில் மெத்தை வைத்த நாற்காலி எத்தனை என்று எண்ணிக்கொண்டு வரும். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் அதற்குச் சவரம் செய்துவிடுகிறவன் நான்தான்.

என் மகளுக்கு ஒன்றுக்கு இரண்டு இடம் கிடைத்தது. இரண்டுமே நூறு பேர் முட்டினால் ஐந்து பேரை உள்ளே விடுகிற பல்கலைக்கழகங்கள். எது வேண்டுமென்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்பவேண்டும். தவறினால் இரண்டும் போச்சு. நானோ வாரம் முழுக்க ஏரியா குன்றா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். முதலாவதில் ஏரி இருக்கிறது. மற்றதில் குன்று.

"நான் படிக்கப் போறது கணக்குப்பா. ஏரி எதுக்கு?"

"வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா?"

யாருடைய வாழ்க்கை என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. நான் பட்டம் வாங்கியது தபால் வழியில். என் பல்கலைக்கழகம் மாதம் ஒருமுறை பழுப்பு உறையில் வந்து சேரும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலைக்கு நடுவே மை வாடையில் உட்கார்ந்து படித்துத் தேறினேன். கூட்டாளிகளோடு வெட்டியாகக் கதையடிக்க ஒரு மத்தியானம்கூட வாய்த்ததில்லை. அந்த ஏக்கம் இன்னும் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. மகள் கணினி முன்னால் தயாராக இருந்தாள். "இன்னும் ஒரே ஒரு தரம் ஏரியைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றேன். அப்போது பார்த்து என் போன் அடித்தது. அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஏரிக்கரை நாடகக் குழுவுலேர்ந்து பேசறோம். முதலாமாண்டுன்னு போன வாரம் பேர் குடுத்திருந்தியே? சனிக்கிழமை ஒத்திகை. லேட்டா வராத."

ஊரார் எழுத்தில் பிழை பிடித்தே சோறு தின்கிறவன் நான். மகளைக் கேட்காமலே அவளைக் குழுவில் சேர்க்கப் போய், மாணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருக்கிறேன்!

"உனக்காகத்தாம்மா எழுதினேன். ஏதோ கைப்பழக்கத்துல..."

சமையலறையில் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. மகள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பதில் அனுப்பிட்டேன்பா."

"எந்த எடத்துக்கும்மா?"

"நீங்க சேராத எடத்துக்கு."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் எந்த விடுதிக் கட்டிலிலாவது உட்கார்ந்து எம்பிப் பார்த்த ஞாபகம் உங்களுக்கும் வருகிறதா? அப்படியானால் சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்துவிடுங்கள். குழுவில் இன்னும் இரண்டு இடம் காலியாம். விசாரித்துவிட்டேன்.