முக்காட்டுக்காரி திரும்பினாள்

மனுவேலின் தகரப் பெட்டிக்குக் கெடு வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வீட்டை விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் வெந்நீர் அடுப்புக்குள் போகும். மனைவி பிலோமியின் கல்யாணப் பட்டுச்சேலையைப் பூச்சி அரித்துவிட்டது. பூச்சி பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

பெட்டிக்குள் இருந்தது துறைமுகக் குமாஸ்தா மனுவேலின் உயிர். வெள்ளைக்காரன் காலத்துத் தூத்துக்குடி, பழுப்பேறிய போட்டோ அட்டைகளாக. கடற்கரைச் சாலை, பாய்மரத் தோணிகள், முத்துக்குளிப்புக் கூடாரங்கள்.

அதில் மூன்று அட்டைகள் ஒரே காலையில், ஒரே இடத்தில் எடுத்தவை. மூன்றிலும் முக்காடு போட்ட ஒருத்தி முதுகு காட்டி நிற்கிறாள். ஒன்றில் தூரத்தில், ஒன்றில் கொஞ்சம் பக்கத்தில், ஒன்றில் இன்னும் பக்கத்தில். மனுவேலின் மூளை வேலை செய்தது. திங்கட்கிழமை முதல் அட்டையைச் சட்டம் போட்டுப் பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டினான்.

"யாருங்க இது?"

"ஏளா, இவ புருசன் முத்துக்குளிக்கப் போனவன். கயிறு பிடிக்க மச்சானத்தான் கூட்டிட்டுப் போவாங்க, தெரியும்லா? எந்த அண்ணனும் தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான். இவன் கூட்டாளி கையில கயிறக் குடுத்தான். மேல வரவே இல்ல. இந்தப் பெட்டியில யாரு கை வச்சாலும் இவ திரும்பிப் பாப்பா. பாத்தா, ஒருத்தரக் கூட்டிட்டுத்தான் போவா."

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அட்டையை மாற்றினான்.

"ஏங்க, இவ நேத்து தோணிகிட்டல்லா நின்னா?"

"அப்படியா? நான் கவனிக்கலையே."

"கிட்ட வந்திருக்கா."

புதன்கிழமை மூன்றாவது அட்டை. பிலோமி அந்த அறைக்குள் விளக்குமாறே கொண்டுபோகவில்லை. மனுவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சான் ரோச்சிடம் போய்ச் சொன்னான். பிலோமியின் தம்பிதான் ரோச். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.

"கெட்டிக்காரர்தான் அத்தான் நீங்க."

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மனுவேல் வந்தபோது பிலோமி ஜெபமாலைக்குப் போயிருந்தாள். காற்று விழுந்திருந்தது. அறைக்குள் கடற்பாசி வாடை. தரையில் ஈர மணல், வாசலிலிருந்து பெட்டி வரைக்கும், அடி அடியாக.

சட்டத்தைப் பார்த்தான். அதே பழுப்புக் கரை, அதே வெளிறிய வானம். அவள் வெகு பக்கத்தில் வந்துவிட்டாள். திரும்பியும் விட்டாள். முக்காட்டுக்குள் பாதி இருட்டில் ஒரு முகம் அவனையே பார்த்தது. உதடு எதையோ சொல்லப் போவதுபோல் இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தான். மூன்று அட்டைகளும் உள்ளேயே இருந்தன. நாலாவது அட்டை அவனிடம் இருந்ததே இல்லை. கதை கட்டியது தான்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் இந்த வாரம் முழுக்கப் பெட்டியில் கை வைத்ததும் அவன் ஒருவன்தான். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை.

பெட்டியைத் தானே ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனான். "கோயிலுக்கே இருக்கட்டும் சாமி" என்று இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

வீட்டில் பெட்டி இருந்த இடத்தில் பிலோமி பட்டுச்சேலையை விரித்து உதறிக்கொண்டிருந்தாள். ரோச் தலையைக் குனிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி எங்கங்க?"

"குடுத்துட்டேன். ஏளா, அவ திரும்பிட்டா. மூஞ்சியப் பாத்துட்டேன்."

"பழுப்பு நிறம் கொண்டுவரத்தான் ரெண்டு நாளாச்சு அத்தான்" என்றான் ரோச், டம்ளருக்குள் பார்த்தபடி.

பிலோமி சேலை முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். சட்டத்தைக் கழற்றித் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மனுவேல் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வெட்கத்தில் காது சுட்டது.

"அறுபது வருசத்துக்கு முந்துன தோணிக்கெல்லாம் பேரு சொல்லுதீங்க" என்றாள் பிலோமி. "கட்டுனவ மூஞ்சி தெரியலையே உங்களுக்கு."